நான்கிலிருந்து சுழியம் வரை: பாக்கின் மத்தேயு பாடுகளில் சுருதிக்குறிகளை வாசித்தல்

நம் மாணவர் பாடகர் குழுவில் சேர்ந்து ஞானப்பாட்டுகளின் இசைக்குறிப்பைப் படிக்கத் தொடங்கும்போது முதலில் மயங்கும் இடம், ஒவ்வொரு வரியின் தலையிலும் நிற்கும் சில ஷார்ப், ஃபிளாட் அடையாளங்களே ஆகும். மேலை இசை நூலார் இத்தொகுதியைக் கீ சிக்னேச்சர் என்பர். இக்கட்டுரையில் நாம் அதைச் சுருதிக்குறி என வழங்குவோம். பாட்டு எந்தக் கீயில் அமைந்தது, அதாவது எந்தச் சுரத்தைத் தன் ஆதாரமாகக் கொண்டது என்பதை அறிய உதவுவது அக்குறி. அதைக் கற்பது கடினமன்று. கற்ற பின் அதைக்கொண்டு எதைச் சொல்லலாம், எதைச் சொல்லலாகாது என்பதிலேதான் தவறு நேருகிறது. அத்தவறு நம்மிடமே நிகழ்ந்தது. ஆதலால் பிறரைக் குறைகூறும் நோக்கோடு இதனை எழுதவில்லை.

நாம் எடுத்துக்கொண்ட நூல் ஜோஹான் செபாஸ்டியன் பாக் இயற்றிய மத்தேயு பாடுகளின் இசை. 1727ஆம் ஆண்டு பெரிய வெள்ளியன்று லீப்சிக் நகரத்துத் தோமா ஆலயத்தில் இது முதன்முறை பாடப்பட்டது என்பது ஆய்வாளர் பலரின் முடிவு. பாக் தம் கைப்பட எழுதிய அழகிய படி 1736ஆம் ஆண்டினது. அதில் நற்செய்தி நூலின் வாசகங்களை அவர் சிவப்பு மையால் எழுதியுள்ளார். இவ்விசையில் ஒரே ஞானப்பாட்டு மெட்டு ஐந்து இடங்களில் வருகிறது. ஹான்ஸ் லியோ ஹாஸ்லர் 1601இல் ஒரு காதற் பாட்டுக்காக வெளியிட்ட மெட்டு அது. பின்னர் திருச்சபை அதனை ஏற்றுக்கொண்டது. பவுல் கெர்ஹார்ட் 1656இல் வெளியிட்ட, ஆண்டவரின் காயப்பட்ட சிரசை நோக்கிப் பாடும் ஞானப்பாட்டு அம்மெட்டோடு பிரிக்கவியலாதபடி இணைந்துவிட்டது. தரங்கம்பாடிக்கு 1706இல் வந்த மிஷனெரிமாரின் வழியாக ஜெர்மன் ஞானப்பாட்டுகளைத் தமிழில் பாடும் மரபைப் பெற்ற நமக்கு இவ்வகை மெட்டு அந்நியமன்று.

1. குறியை அறியும் முறை

முதலில் இலக்கணத்தைச் சுருக்கமாகக் காண்போம். ஷார்ப் அடையாளங்கள் எப்போதும் எஃப், சி, ஜி, டி, ஏ, ஈ, பி என்னும் வரிசையிலேயே சேரும். ஃபிளாட் அடையாளங்கள் அவ்வரிசையைத் தலைகீழாக்கி பி, ஈ, ஏ, டி, ஜி, சி, எஃப் எனச் சேரும். ஆகவே எத்தனை அடையாளங்கள் உள்ளன என்று தெரிந்தால் அவை எவை என்பதும் தெரிந்துவிடும்.

ஷார்ப் உள்ள குறியில், கடைசி ஷார்ப்புக்கு அரைச்சுரம் மேலே உள்ள சுரமே மேஜர் கீயின் ஆதாரம். ஃபிளாட் உள்ள குறியில், கடைசிக்கு முந்திய ஃபிளாட்டின் பெயரே கீயின் பெயர். ஒரே ஒரு ஃபிளாட் இருந்தால் முந்தியது என ஒன்றில்லை. அது எஃப் மேஜர் என நினைவில் வைக்கவேண்டும். ஒன்றுமே இல்லாவிடில் சி மேஜர். இனி, ஒவ்வொரு குறியும் ஒரு மேஜருக்கு மட்டுமன்றி ஒரு மைனருக்கும் உரியது. மேஜரின் ஆதாரத்திலிருந்து மூன்று அரைச்சுரங்கள் கீழே இறங்கினால் அந்த மைனரின் ஆதாரம் கிடைக்கும். சி மேஜருக்கு ஏ மைனர், எஃப் மேஜருக்கு டி மைனர் என்பதுபோல.

இங்கே மாணவர் கவனிக்கவேண்டிய செய்தி ஒன்றுண்டு. சுருதிக்குறி ஒருபோதும் ஒரே விடையைத் தருவதில்லை. குறைந்தது இரண்டு விடைகளைத் தந்து நம்மிடம் விட்டுவிடுகிறது. இரண்டில் எது என்று தீர்மானிக்கப் பாட்டின் முடிவைப் பார்க்கவேண்டும். கடைசிக் கூட்டொலியில் பேஸ் குரல் எந்தச் சுரத்தில் நிற்கிறது என்று கேட்கவேண்டும். குறி சொல்லத் தொடங்குவதை முடிவு உறுதிசெய்கிறது. சிலபோது மறுத்தும் விடுகிறது.

2. ஐந்து இடங்கள்

மேற்கூறிய விதிகளுக்கு இந்த ஐந்து பாட்டுகளைவிடச் சிறந்த பயிற்சிப்பாடம் கிடைப்பது அரிது. இக்காலப் பதிப்புகளில் அவை 15, 17, 44, 54, 62 என்னும் எண்களைப் பெற்றுள்ளன.

முதலாவது, மேய்ப்பன் வெட்டப்பட ஆடுகள் சிதறும் என ஆண்டவர் சொன்ன பின் வருகிறது (மத்தேயு 26:31, 32). மேய்ப்பரே என்னை அறிந்துகொள்ளும் என்னும் கருத்துடைய சரணம் அது. குறியில் நான்கு ஷார்ப். கடைசி ஷார்ப் டி. அதற்கு அரைச்சுரம் மேலே ஈ. ஆகவே ஈ மேஜர்.

இரண்டாவது, நான் உம்மை மறுதலியேன் என்று பேதுரு சூளுரைத்த பின் வருகிறது (26:33-35). குறியில் மூன்று ஃபிளாட். கடைசிக்கு முந்தியது ஈ. ஆகவே ஈ ஃபிளாட் மேஜர்.

மூன்றாவது, பிலாத்துவின் முன் ஆண்டவர் ஒரு வார்த்தையும் மாறுத்தரம் சொல்லாது நின்ற இடத்தில் வருகிறது (27:14). இங்குப் பாடப்படுவது கெர்ஹார்ட்டின் வேறொரு ஞானப்பாட்டின் முதற்சரணம். உன் வழியைக் கர்த்தரிடம் ஒப்புவி என்பது அதன் கருத்து. குறியில் இரண்டு ஷார்ப், டி மேஜர்.

நான்காவது, போர்ச்சேவகர் முட்கிரீடம் சூட்டி, கோலினால் ஆண்டவரின் சிரசில் அடித்த பின் வருகிறது (27:30). இங்கேதான் ஞானப்பாட்டின் முதற்சரணமும் இரண்டாம் சரணமும் பாடப்படுகின்றன. குறியில் ஒரே ஃபிளாட். எஃப் மேஜரா, டி மைனரா? தொடக்கத்தில் டி மைனரின் நிறமே செவியிற் படுகிறது. முடிவோ எஃப் மேஜரில் அமைகிறது.

ஐந்தாவது, ஆண்டவர் ஆவியை விட்ட உடனே வருகிறது (27:50). விசுவாசி தன் மரணவேளைக்காக வேண்டும் சரணம் இது. குறியில் ஒன்றுமில்லை.

நான்கு ஷார்ப், மூன்று ஃபிளாட், இரண்டு ஷார்ப், ஒரு ஃபிளாட், பின் ஒன்றுமில்லை. நான்கு, மூன்று, இரண்டு, ஒன்று, சுழியம்!

3. எண்ணிக்கையின் மேல் கட்டிய விளக்கம்

இவ்வரிசையைக் கண்டவர் வியவாதிருக்க இயலாது. வியந்தவர் சிலர் அதனை இறையியலாகவும் வளர்த்துள்ளனர். ஜெர்மன் மொழியில் ஷார்ப் அடையாளத்துக்குச் சிலுவை என்றே பெயர். ஆகவே கிறிஸ்து தம்மை வெறுமையாக்கிய செயலை (பிலிப்பியர் 2:7) பாக் தம் தாளின் தலையிலேயே எழுதிவைத்தார் என்றும், மரணத்தில் எல்லா அடையாளமும் நீங்கிச் சுழியமானது அதற்கு முத்திரை என்றும் அவ்விளக்கம் கூறும்.

நாமும் அவ்வாறே கூறினோம். பல ஆண்டுகளுக்கு முன், பாடுகளின் வாரத்தில் ஒரு சபையில் இவ்வைந்து பாட்டுகளையும் ஒலிப்பதிவில் கேட்கச்செய்து, கரும்பலகையில் நான்கு முதல் சுழியம் வரை எழுதிக்காட்டி, வெறுமையாக்குதலைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினோம். கேட்டோர் மகிழ்ந்தனர். கூட்டம் கலைந்தபின், அச்சபையின் பாடகர் குழுவில் நெடுங்காலம் டெனர் பாடிவந்த பார்வையற்ற பெரியவர் ஒருவர் நம்மிடம் வந்தார். "ஐயா, தாங்கள் சொன்ன எண்கள் ஒன்றும் எனக்குக் கேட்கவில்லை. கடைசிப் பாட்டு மட்டும் முடியாமல் நின்றதுபோல் இருந்தது. அது ஏன் என்று சொல்லவில்லையே?" என்றார்.

நம்மிடம் விடை இல்லை. நாம் அதைக் கேட்டதே இல்லை. எண்ணிக்கொண்டிருந்தபடியால் கேட்கவில்லை. அப்பெரியவர் சில மாதங்களில் ஆண்டவருக்குள் நித்திரையடைந்தார். அவருக்கு அன்று சொல்லாத விடையைத் தேடியதன் பயனே இக்கட்டுரை.

4. எதிர்ச் சான்றுகள்

மேற்கூறிய விளக்கத்தை நான்கு வகையிற் சோதிக்கலாம்.

முதலாவது, செவியின் சான்று. 15ஆம் பாட்டும் 17ஆம் பாட்டும் ஒரே ஹார்மனி உடையவை. இரண்டாவது, முதலாவதைவிட அரைச்சுரம் தாழ்ந்து ஒலிக்கிறது, அவ்வளவே. தாளில் நான்கு ஷார்ப் போய் மூன்று ஃபிளாட் வந்தது பெரும் மாற்றமாகத் தோன்றும். கீகளை ஐந்தைந்து சுரங்களாக அடுக்கும் வட்டத்தில் அவ்விரண்டுக்கும் இடையே ஏழு படிகள் உள்ளன. ஆனால் குரலுக்கு அது ஓர் அரைப்படி இறக்கமே. கண்ணின் தொலைவு வேறு, செவியின் தொலைவு வேறு. ஐந்து பாட்டுகளும் தொடங்கும் சுரத்தை நோக்கினால் ஜி ஷார்ப், ஜி, எஃப் ஷார்ப், ஏ, ஈ என வருகின்றன. முதலில் அரைச்சுரம் இறங்குகிறது. மீண்டும் அரைச்சுரம் இறங்குகிறது. சிரசில் அடிபட்ட இடத்தில் ஏறுகிறது. மரணத்தில் ஆழ இறங்குகிறது. ஒழுங்காகக் குறைந்துவரும் வரிசை எதுவும் செவிக்கு இல்லை.

இரண்டாவது, அடையாளத்தின் சான்று. ஷார்ப் சிலுவையைக் குறிக்குமானால் ஃபிளாட் எதைக் குறிக்கும்? இவ்வரிசையில் ஷார்ப்பும் ஃபிளாட்டும் மாறிமாறி வருகின்றன. முட்கிரீடத்தின் பாட்டில் ஒரு ஷார்ப்பும் இல்லை; ஃபிளாட் ஒன்றே உள்ளது. சிலுவையின் அடையாளம் எங்கே மிகுந்திருக்கவேண்டுமோ அங்கே அது இல்லாமற் போயிற்று. டி மேஜரின் இரண்டு ஷார்ப்போ, அக்காலத்து எக்காளங்கள் பெரும்பாலும் டி சுரத்தில் செய்யப்பட்டமையால், மகிழ்ச்சிப் பாட்டுகளிலும் துதிப் பாட்டுகளிலும் நிறைந்து காணப்படுகிறது. அதைச் சிலுவை என்று எவரும் சொல்வதில்லை.

மூன்றாவது, இதே மெட்டின் சான்று. 1734ஆம் ஆண்டு கிறிஸ்து பிறப்புப் பண்டிகைக்கு பாக் அமைத்த இசைத்தொகுதியில், முதல் ஞானப்பாட்டாக வருவது இந்த மெட்டே. வருகிற ஆண்டவரை எவ்வாறு வரவேற்பேன் என்று வினவும் சரணம் அது. அதன் தலையிலும் ஷார்ப் இல்லை, ஃபிளாட் இல்லை. மரணத்தின் சுழியம் முன்னணையிலும் நிற்கிறது. அத்தொகுதியின் இறுதிப்பாட்டில் இதே மெட்டு, எக்காளமும் முரசும் முழங்க, இரண்டு ஷார்ப்போடு டி மேஜரில் வருகிறது. குறிகளின் எண்ணிக்கைக்கு நிலையான பொருள் இருந்தால் இது எவ்வாறு பொருந்தும்?

நான்காவது, ஆர்கன் வாசித்தவரின் தாள். நான்கிலும் வலிமையானது இதுவே. லீப்சிக் ஆலயங்களின் ஆர்கன்கள், மற்ற வாத்தியங்களைவிட ஒரு முழுச்சுரம் உயர்ந்த சுருதியில் அமைந்திருந்தன. ஆகவே பாடகரோடும் வயலின்களோடும் ஆர்கன் இசையவேண்டுமானால், ஆர்கனுக்குரிய தாளை ஒரு முழுச்சுரம் தாழ்த்தி எழுதுவது அங்கு வழக்கம். அவ்வழக்கின்படி இந்த ஐந்து பாட்டுகளையும் எழுதிப் பாருங்கள். ஈ மேஜர் டி மேஜராகும், இரண்டு ஷார்ப். ஈ ஃபிளாட் மேஜர் டி ஃபிளாட் மேஜராகும், ஐந்து ஃபிளாட். டி மேஜர் சி மேஜராகும்; ஒன்றுமில்லை. எஃப் மேஜர் ஈ ஃபிளாட் மேஜராகும், மூன்று ஃபிளாட். குறியற்ற ஐந்தாவது பாட்டு இரண்டு ஃபிளாட் பெறும். இரண்டு, ஐந்து, சுழியம், மூன்று, இரண்டு! ஒரே ஆலயத்தில், ஒரே நேரத்தில், ஒரே பாட்டைப் பாடகர் ஒரு குறியிலும் ஆர்கன் வாசிப்பவர் வேறொரு குறியிலும் கண்டனர். வெறுமையாக்குதல் ஒருவர் தாளில் மட்டும் நிகழ்ந்ததோ?

இங்கே நம்மைப் போன்ற போதகருக்கு ஓர் எச்சரிக்கை உண்டு. ஆர்கன் தாளில் சுழியம் விழுவது பிலாத்துவின் முன் ஆண்டவர் மௌனமாய் நின்ற இடத்தில். அதைக் கண்டால், வார்த்தையானவர் வார்த்தையற்று நின்றதைப் பாக் சுழியத்தாற் குறித்தார் என்று மற்றோர் அழகிய பிரசங்கத்தைச் செய்துவிடலாம். எந்த வரிசை கிடைத்தாலும் அதிலிருந்து பிரசங்கம் செய்ய முடியுமானால், நாம் வரிசையைப் படிக்கவில்லை, நம்மையே படிக்கிறோம்.

இவற்றோடு அக்காலத்து எழுத்து வழக்கத்தையும் சேர்த்துக்கொள்ளவேண்டும். மைனர் கீயில் அமைந்த பாட்டுக்கு, இன்று நாம் இடுவதைவிட ஒரு ஃபிளாட் குறைத்து எழுதுவது அந்நாளில் பெருவழக்கு. பாக்கின் தனி வயலின் சொனாட்டாக்களில் முதலாவது ஜி மைனரில் உள்ளது. ஆனால் குறியில் ஒரே ஃபிளாட். டி மைனரில் உள்ள அவருடைய ஆர்கன் டொக்காட்டா ஒன்று குறியே இல்லாமல் எழுதப்பட்டமையால் டோரியன் என்று பெயர் பெற்றுவிட்டது. எழுதும் பழக்கத்தாற் கூடவும் குறையவும் கூடிய எண்ணிக்கையை மறைபொருளின் அளவுகோலாகக் கொள்ளலாகாது.

ஒரு மறுப்பு எழலாம். கீகளுக்குத் தனித்தனிக் குணம் உண்டென்று அக்காலத்தார் நம்பினரன்றோ? உண்மையே. ஜோஹான் மத்தேசன் 1713இல் வெளியிட்ட நூலில் பல கீகளின் குணங்களை விவரித்துள்ளார். வாத்தியங்களைச் சுருதிகூட்டும் முறை இன்றையதுபோல் சமமாயிராதபடியால், கீகளுக்கிடையே சிறு நிறவேறுபாடு செவிக்கும் புலப்பட்டிருக்கும். ஆயினும் மத்தேசன் ஈ மேஜரை நம்பிக்கையற்ற, மரணத்துக்கொத்த துயரத்தின் கீயாகக் கூறுகிறார். பாக்கோ அதே ஈ மேஜரில், ஆடு தன் மேய்ப்பரை நோக்கிச் சொல்லும் மென்மையான வேண்டுதலை அமைத்தார். அட்டவணையைக் கொண்டு பாட்டை அளப்பதைவிடப் பாட்டைக் கொண்டு அட்டவணையைத் திருத்துவதே நேர்மை.

நான்கு முதல் சுழியம் வரையிலான வரிசை இல்லை என்று நாம் சொல்லவில்லை. அது தாளில் இருக்கிறது. எவரும் எண்ணிப் பார்க்கலாம். பாக் அதைக் கண்டு புன்னகைத்தும் இருக்கலாம். அவர் அதைப்பற்றி எழுதிவைத்த சொல் எதுவும் நம் கையில் இல்லை. ஆகவே அதன்மேல் உபதேசத்தைக் கட்டலாகாது என்பதே நம் முடிவு.

5. செவி கேட்பது

இனி, பெரியவரின் கேள்விக்கு வருவோம். கடைசிப் பாட்டு ஏன் முடியாமல் நின்றது?

மெட்டின் கடைசிச் சுரத்தை நோக்குங்கள். முதல் நான்கு பாட்டுகளிலும் சொப்ரானோ குரல் மேஜரின் மூன்றாம் சுரத்தில், டோ ரே மி என்னும் பாடமுறையில் மி என்பதில், வந்து நிற்கிறது. அதன் கீழே பேஸ் குரல் டோ என்னும் ஆதாரத்தில் நிற்கிறது. மேலே நிற்பவர் வீட்டின் மாடியில் நிற்பதுபோல; கீழே அடித்தளம் உறுதியாய் உள்ளது. ஆகவே பாட்டு முடிந்தது என்று செவி ஓய்ந்துவிடுகிறது.

ஐந்தாவது பாட்டின் குறியில் ஒன்றுமில்லை. விதி சொல்வது என்ன? சி மேஜர், அல்லது ஏ மைனர். தொடக்கம் ஏ மைனரின் நிறம் காட்டுகிறது. ஆனால் முடிவில் சொப்ரானோ ஈ என்னும் சுரத்தில் நிற்கும்போது, பேஸ் சி சுரத்துக்கும் வரவில்லை; ஏ சுரத்துக்கும் வரவில்லை. அதுவும் ஈ சுரத்திலேயே நிற்கிறது. அக்கூட்டொலியின் நடுவே ஜி ஷார்ப் ஒலிக்கிறது. குறியில் இல்லாத ஷார்ப் அது, இடையில் தனியே இடப்பட்டது. ஆக, குறி காட்டிய இரண்டு வீடுகளில் எதையும் பாட்டு சேரவில்லை. இது மேஜரும் மைனரும் நிலைபெறுவதற்கு முன்னே திருச்சபையில் வழங்கிய ப்ரிஜியன் என்னும் பழைய சுர அமைப்பு. நம் காலத்துக் காதுக்கு அது கேள்வி கேட்டு நிற்பதுபோல் ஒலிக்கும்.

நான் பிரியும் வேளையில் நீர் என்னைப் பிரியாதேயும் என்று வேண்டும் சரணத்துக்கு இம்முடிவை பாக் தந்தார். வேண்டுதல் சொல்லப்பட்டது, விடை இன்னும் வரவில்லை. வேண்டப்படுகிறவரோ இப்போதுதான் சிலுவையில் ஆவியை விட்டிருக்கிறார். அவ்வேளையில் பாட்டு வீடு சேர்ந்து ஓய்ந்தால் அது பொய்யாகும். இவ்வமைப்பு தன்னிலேயே மரணத்தைக் குறிக்கும் என்றும் நாம் கூறவில்லை. கிறிஸ்து பிறப்பின் பாட்டிலும் இதே ப்ரிஜியன் அமைப்பே உள்ளது. அங்கு அது வரவேற்பைப் பற்றிய வினாவுக்குப் பொருந்துகிறது. முடிவு, சொல், நிகழும் இடம் ஆகிய மூன்றையும் ஒருங்கே கேட்டால்தான் பொருள் விளங்கும்.

இப்பாட்டு முடியாமல் நின்ற மறுகணமே தேவாலயத்தின் திரைச்சீலை கிழிகிறது, பூமி அதிருகிறது. பின்னர் நூற்றுக்கு அதிபதியும் அவனோடிருந்தவரும், மெய்யாகவே இவர் தேவனுடைய குமாரன் என்று அறிக்கையிடுகின்றனர். அவ்வறிக்கை ஏ ஃபிளாட் மேஜரில், குறியற்ற பாட்டுக்கு வெகுதொலைவில், சில கணங்களே ஒலித்து மறைகிறது. வேண்டுதலுக்கு விடை அங்கே கேட்கிறது. சுழியத்தோடு வரிசையை முடித்தவர் அவ்விடையை வரிசைக்கு வெளியே விட்டுவிட்டார்.

வெறுமையாக்குதலை இவ்விசையில் கேட்க விரும்புவோருக்கு, எண்ணாமலே கேட்கத்தக்க இடம் ஒன்றுண்டு. இந்நூல் முழுவதும் ஆண்டவர் பேசும்போதெல்லாம் நரம்பிசைக் கருவிகள் நீண்ட ஒலியால் அவர் வார்த்தையைச் சூழ்ந்து நிற்கின்றன. ஓவியர் அவர் சிரசைச் சுற்றி ஒளிவட்டம் தீட்டுவதுபோல் அது. ஆனால் ஒன்பதாம் மணி நேரத்தில், சிலுவையிலிருந்து இருபத்திரண்டாம் சங்கீதத்தின் முதல் வார்த்தைகளைச் சொல்லிக் கூப்பிடும்போது அந்த நரம்பொலி இல்லை. ஒளிவட்டம் அணைந்துவிட்டது. இதைக் கேட்க இசைக்குறிப்பு அறிய வேண்டியதில்லை. பார்வையற்றவரும் கேட்பார், எழுத்தறியாதவரும் கேட்பார். அவ்வாறே, அவரைச் சிலுவையில் அறையவேண்டும் என்று ஜனங்கள் கூவும் கோரஸ் இரண்டாம் முறை வரும்போது ஒரு முழுச்சுரம் உயர்ந்து ஒலிக்கிறது. கூட்டத்தின் வெறி ஏறியதை நாம் அங்கே கேட்கிறோம். கீயின் மாற்றத்துக்குப் பொருள் உண்டென்பதற்கு இது நல்ல சான்று. இங்கே அம்மாற்றம் தாளில் மட்டும் ஒளிந்திராது செவிக்கு வந்து சேருகிறது.

6. மறைநூல் வாசிப்போருக்கு

இசையைப் பற்றிய இச்சிறு திறனாய்வு நம் பணிக்கு எவ்வாறு உதவும்? சங்கீதங்களுக்குத் தலைப்புகள் உண்டு. இராகத்தலைவன் பெயரும், கோராகின் புத்திரர் பெயரும், சிலவற்றில் பாடவேண்டிய மெட்டின் பெயரும் அங்கே காணப்படுகின்றன. அவை பயனுள்ளவை, தள்ளத்தக்கவை அல்ல. ஆனால் தலைப்பை மட்டும் படித்தவன் சங்கீதத்தைப் படித்தவன் ஆகான். எண்பத்தெட்டாம் சங்கீதத்தின் தலைப்பு அதைப் பாட்டு என்கிறது. அதன் கடைசி வார்த்தையோ இருளைப் பற்றியது. இருபத்திரண்டாம் சங்கீதம் கைவிடப்பட்டவனின் கூக்குரலோடு தொடங்குகிறது. பிறக்கப்போகும் ஜனத்துக்குக் கர்த்தரின் நீதியை அறிவிப்பதில் முடிகிறது. ஒன்று வீடு சேராமல் நிற்கிறது. மற்றொன்று வீடு சேர்கிறது. இரண்டையும் அவற்றின் தலையைக் கொண்டு தீர்மானிக்க இயலாது. முடிவுவரை கேட்கும் பொறுமை வேண்டும்.

நம் பிரசங்கங்களில் எண்களும் வரிசைகளும் எளிதாக வந்து அமைகின்றன. வேதத்தில் ஏழுகளை எண்ணுகிறோம், நாற்பதுகளை எண்ணுகிறோம். சபையார் வியக்கின்றனர், அவ்வியப்பை நாம் ஆவிக்குரிய பயன் என்று எடுத்துக்கொள்கிறோம். எண்ணியது உண்மையாயிருந்தாலும், கேட்கவேண்டியதைக் கேளாதபடி அது நம்மைத் தடுத்துவிடக்கூடும். மரணத்தை நெருங்கியிருந்த ஒருவர் முடியாமல் நின்ற ஒரு வேண்டுதலைப் பற்றிக் கேட்டபோது, நம் கையில் இருந்தது நான்கு, மூன்று, இரண்டு, ஒன்று, சுழியம் என்னும் கணக்கு மட்டுமே.

மாணவர்களே, சுருதிக்குறிகளை நன்றாகக் கற்றுக்கொள்ளுங்கள். ஷார்ப்களின் வரிசையையும் ஃபிளாட்களின் வரிசையையும் மனப்பாடம் செய்யுங்கள். குறியைக் கண்டவுடன் மேஜரையும் மைனரையும் சொல்லிப் பழகுங்கள். அதன்பின் பாட்டின் கடைசி வரிக்குச் செல்லுங்கள். பேஸ் குரல் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். பின்பு புத்தகத்தை மூடிவிட்டு, பாடுகிறவர் நடுவே நின்று கேளுங்கள். அடுத்த பெரிய வெள்ளியன்று இந்த ஐந்தாம் பாட்டைக் கேட்க நேர்ந்தால், அதன் கடைசிச் சுரத்துக்குப் பின் உடனே பேசத் தொடங்காதீர்கள். அது நிற்குமிடத்தில் சபையும் சற்று நிற்கட்டும்.